பேஸ்மேக்கர் வச்ச பிறகு தோள்மூட்டு இறுகினவைக்கு: கிளிநொச்சி டவுன் பிசியோ இடம் பற்றி

முதலே சொல்லிடுறன், நல்ல இடம், நம்பிக் கூட்டிக்கொண்டு போகலாம். அம்மாக்கு யாழ்ப்பாணத்தில பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க உள்ளுக்க வைக்கிற சின்னப் பற்றரி மிசின்) வச்சது, ஒப்பரேசன் ஒரு பிரச்சினையும் இல்லாம முடிஞ்சு தலைசுத்தி விழுறதெல்லாம் நிண்டிட்டு, ஆனா பேந்து இடப்பக்கத் தோள்மூட்டு நோ தொடங்கி ஆளைச் சரியாப் படுத்திப் போட்டுது. தோளில இருந்து முழங்கை மட்டும் ஒரே உளைவு, இரவில அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கேலாது, தலை இழுக்கக் கை எழும்பாது, முதுகுப் பக்கம் கையைக் கொண்டு போகவே ஏலாது. பற்றரி உள்ளுக்க அமத்துது எண்டுதான் அம்மா நினைச்சவ, அயலட்டைச் சனமும் அப்பிடித்தான் சொன்னது.

இந்த இடத்துக்கு முதல் வேற ஒரு இடத்துக்கும் போனனாங்கள், பேர் வேண்டாம். அங்க என்ன வருத்தம், என்ன ஒப்பரேசன் எண்டு ஒண்டும் கேக்காம கரண்ட் பிடிக்கிற மிசினை உருட்டிக்கொண்டு வந்திட்டினம், பேஸ்மேக்கர் எண்டு நாங்களாச் சொன்னாப் பிறகுதான் நிப்பாட்டினவை. இது சின்ன விசயம் இல்லை. அந்தக் கரண்ட் பேஸ்மேக்கரைக் குழப்பலாம், சோர்ட்வேவ் எண்டு சூடு பிடிக்கிற மிசின் அதைவிட மோசம், உள்ளுக்க இருக்கிற வயர் சூடாகி இதயத்தில வயர் தொடுற இடத்தைச் சுட்டுப்போடும். பேஸ்மேக்கர் வச்ச ஆக்களுக்கு அது கூடவே கூடாது. காந்தம் வச்ச மசாஜ் சாமான்கள், பெல்ட்டுகள் எண்டு சந்தையில விக்கிறதையும் நெஞ்சுப்பக்கம் கொண்டு போகாதேங்கோ.

டவுன் இடத்தில இருக்கிற பிசியோப் பிள்ளை கை வைக்க முதலே பேஸ்மேக்கர் கார்டைத் தாங்கோ எண்டு வாங்கி வாசிச்சா. காயம் வடிவா ஆறிட்டுதோ, சீனி வருத்தம் இருக்கோ, ரத்தம் தண்ணியாகிற குளிசை போடுறியளோ எண்டு ஒவ்வொண்டாக் கேட்டா. கடைசியா, "அம்மா, உடம்பில எங்கயும் பீஸ் கிடக்கோ?" எண்டு, சண்டையில பட்ட ஷெல் துண்டைக் கேட்டா பாருங்கோ, எனக்கு அதில தான் மனம் நிறைஞ்சது. எங்கட வன்னிச் சனத்துக்கு அந்தக் கேள்வி கேக்காம என்ன வைத்தியம்? அம்மாக்கு 2009 இல பட்ட சின்னத் துண்டொண்டு தோள்பட்டைக்குக் கீழ இன்னும் கிடக்கு, அந்த இடத்தைத் தடவிப் பாத்து, நோ அதால இல்லை எண்டு விளங்கப்படுத்தினா, பின்னடிக்கு எங்கயாவது எம்ஆர்ஐ (பெரிய காந்தத்தால உள்ளுக்க படம் எடுக்கிற ஸ்கான்) எடுக்கச் சொன்னா பேஸ்மேக்கரையும் சொல்லுங்கோ பீஸையும் சொல்லுங்கோ, ரெண்டில ஒண்டையும் விட்டிடாதேங்கோ எண்டும் சொன்னா.

நோவுக்குக் காரணம் பற்றரி இல்லையாம், கையை ஆட்டாம வச்சிருந்ததாம். பேஸ்மேக்கரைக் காறையெலும்புக்குக் கீழ தோலுக்கு உள்ள வச்சு, அதில இருந்து வயரை ரத்தக்குழாயால இதயத்துக்கு விடுறவை. முதல் நாலு தொடக்கம் ஆறு கிழமைக்கு முழங்கையைத் தோளுக்கு மேல தூக்காதேங்கோ, பாரம் தூக்காதேங்கோ எண்டு ஆஸ்பத்திரியில சொல்லிறது அந்த வயர் விலகக்கூடாது எண்டு. அது சரியான புத்திமதி. ஆனா எங்கட சனம் என்ன செய்யும், பயத்தில கையை நெஞ்சோட ஒட்டி வச்சு துணியால கட்டி, அந்த நாள் கடந்தாலும் அவிழ்க்காது. அப்ப மூட்டைச் சுத்தி இருக்கிற சவ்வு தடிச்சு இறுகிப்போகும், சீனி வருத்தக்காரருக்கு அது இன்னும் கெதியா வரும். அம்மாக்கு சீனியும் இருக்கு. முதல் கிழமைகளிலயே விரல், மணிக்கட்டு, முழங்கையை மடக்கி நீட்டலாம், தோளையும் சொன்ன உயரத்துக்கு உள்ள மெல்லமா ஆட்டலாம், அது வயரை ஒண்டும் செய்யாது எண்டு இந்தப் பிள்ளை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில இருந்து கை தூக்கலாம் எண்டு துண்டு கொண்டு வாங்கோ எண்டு சொல்லி, அது வந்தாப் பிறகுதான் பயிற்சி தொடங்கினவா. மிசின் ஒண்டும் இல்லை, வெறும் கைதான். வலக்கையால மேசையைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு இடக்கையைத் தொங்கவிட்டுச் சின்னச் சின்ன வட்டமாச் சுத்துறது, சுவரில விரலால படிப்படியா ஏறுறது, படுத்துக்கொண்டு தும்புத்தடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்கிறது. பேந்து சுவரில கப்பி பூட்டிக் கயிறு போட்டிருக்கினம், நல்ல கையால இழுக்க நோகிற கை மேல வரும். அம்மா வாழ்நாளெல்லாம் கிணத்துக் கப்பியில தண்ணி அள்ளின ஆள், அதைக் கண்டதும் அவவின்ர பயம் பாதி போட்டுது, பிள்ளை சொல்ல முதலே இழுக்கத் தொடங்கிட்டா. இப்ப தானே தலை இழுத்துக் கொண்டை போடுறா. முதுகுப்பக்கம் இன்னும் கொஞ்சம் இறுக்கம் தான், இறுகின மூட்டு இளக மாசக்கணக்கில எடுக்குமாம்.

எனக்குப் பிடிச்ச இன்னொண்டு, எல்லாத்தையும் தாங்களே பாக்கிறம் எண்டு நிக்கேல்லை. கை வீங்கி நீலம் பாய்ஞ்சால், காயம் சிவந்து சீழ் வடிஞ்சால், காய்ச்சல் வந்தால், திரும்பத் தலைசுத்தினால், நெஞ்சுத் தசையோ வயிறோ தன்பாட்டில துடிச்சால் அல்லது விக்கல் நிக்காம வந்தால், இஞ்ச வராதேங்கோ நேர ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு எழுதியே தந்தவை. பாமசியில கேட்டு டைக்ளோபினாக் எண்ட நோக் குளிசை வாங்கிப் போடுறதையும் மறிச்சவை, இதய வருத்தக்காரர் டொக்டரைக் கேக்காம அதைப் போடக்கூடாது. காயத்துக்கு மேல எண்ணெய் விட்டு உருவிறதும் கூடாது.

குறை எண்டால் மேல்மாடி. படி செங்குத்து, இருந்திருந்துதான் அம்மா ஏறினவ, இதய வருத்தக்காரர் வாற இடத்தைக் கீழ வச்சிருக்கலாம். காத்திருக்கிற கதிரையும் காணாது. பின்னேரத்தில சரியான சனம், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வாறவை காலமையே வந்திட்டால் பரந்தனால திரும்பிற பஸ்ஸைப் பிடிக்க வசதி. காசு நியாயம், ஒவ்வொரு தரமும் வரவேணும் எண்டு இழுக்கிறேல்லை, வீட்டில செய்யிறதைப் படம் கீறித் தாறினம். போகேக்க பேஸ்மேக்கர் கார்டையும் குளிசைப் பையையும் கிளினிக் கொப்பியையும் மறக்காமக் கொண்டு போங்கோ, ஆம்பிளையள் முன்பக்கம் பட்டன் வச்ச சேட்டும் பொம்பிளையள் தொளதொளத்த சட்டையும் போட்டுக்கொண்டு போனால் கை நோகாமக் கழட்டலாம்.