தடுப்புப் பெப்டைட் இணை: குளுகோர் ஆய்வகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

செல்லுக்குள் வளர்ச்சிச் சைகையைக் கடத்தும் ஈ.ஆர்.கே. புரதத்தை, அதில் பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டுமே பற்றும் என்று விற்கப்படும் எதிர்ப்பொருள் உண்மையிலேயே அப்படி நடந்துகொள்கிறதா என்று சோதிக்க, பினாங்கு குளுகோரில் உள்ள எங்கள் ஆய்வகம் கோலாலம்பூர் முகவர் ஒருவர் வழியாக இந்தச் செயற்கைப் பெப்டைட் இணையை வாங்கியது. பெப்டைட் என்பது புரதத்தின் சிறு துண்டு போன்றது. அது எதிர்ப்பொருளின் பற்றும் இடத்தை முன்கூட்டியே அடைத்துவிட்டால், எதிர்ப்பொருளால் புரதத்தைப் பற்ற முடியாது. இரண்டு குப்பிகளிலும் அமினோ அமில வரிசை ஒன்றே. ஒன்றில் திரியோனின், டைரோசின் என்ற இரு அமினோ அமிலங்களிலும் பாஸ்பேட் உண்டு, மற்றதில் இல்லை.

உறையுலர்த்திய தூள் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாமல் மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், திறக்குமுன் குப்பியை மையவிலக்கியில் ஒரு முறை சுற்றிவிட வேண்டும். எதிர்ப்பொருளின் எடையைப் போல் 5 மடங்கு பெப்டைட் சேர்த்து, அறை வெப்பநிலையில் 30 நிமிடம் வைத்தோம். எதிர்ப்பொருளின் மூலக்கூறு எடை 150 கிலோடால்டன், பெப்டைட்டினுடையது 2 கிலோடால்டனுக்கும் குறைவு. ஆகவே மூலக்கூறு எண்ணிக்கையில் இது சில நூறு மடங்காகும்.

ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி கொடுத்துத் தூண்டிய ஹீலா (மனிதப் புற்றுநோய்) செல் சாற்றை ஒரே ஜெல்லில் ஓட்டிப் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, அவற்றைச் சவ்வுக்கு மாற்றி, சவ்வை மூன்றாக வெட்டினோம். எதிர்ப்பொருள் மட்டும் இட்ட துண்டில் ஈ.ஆர்.கே.க்கு உரிய 44, 42 கிலோடால்டன் பட்டைகள் பளிச்சென்று வந்தன. பாஸ்பேட் பெப்டைட் கலந்த துண்டில் இரண்டும் மறைந்தன. பாஸ்பேட் இல்லாத பெப்டைட் கலந்த துண்டில் சற்றும் குறையவில்லை. அந்த மூன்றாவது துண்டுக்காகவே இணையாக வாங்க வேண்டும் என்பேன், ஏனெனில் எதிர்ப்பொருள் பாஸ்பேட்டைப் பார்க்கிறதா, வெறும் வரிசையைப் பார்க்கிறதா என்பதை அதுதான் பிரித்துக் காட்டுகிறது.

ஆனால் 100 கிலோடால்டனுக்கு மேல் தெரிந்த மங்கலான பட்டையும் பாஸ்பேட் பெப்டைட்டால் மறைந்தது. ஈ.ஆர்.கே. 5 என்ற பெரிய உறவுப் புரதத்திலும் அதே திரியோனின்–குளூட்டமிக் அமிலம்–டைரோசின் வரிசை இருப்பதால், அது அந்தப் புரதமாகவே இருக்கலாம். பட்டை மறைவது, எதிர்ப்பொருள் எந்த வரிசையைப் பற்றுகிறது என்பதற்குத்தான் சான்று, பற்றப்பட்டது எந்தப் புரதம் என்பதற்கு அன்று. அதற்கு மரபணுவை அடக்கியோ நீக்கியோதான் பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் சரிபார்ப்புக்கென 2016இல் ‘நேச்சர் மெத்தட்ஸ்’ இதழில் முன்வைக்கப்பட்ட ஐந்து வழிகளில் பெப்டைட் தடுப்பு இடம்பெறாததும் வியப்பில்லை.

குறை ஒன்று உண்டு. சான்றிதழில் தூய்மை 95 விழுக்காடு என்று இருக்கிறதே தவிர, உப்பும் ஈரமும் போக நிகரப் பெப்டைட் எவ்வளவு என்ற விவரம் இல்லை. கேட்டதற்கு முகவர் அதே தாளைத்தான் மறுபடியும் அனுப்பினார். தடுப்புச் சோதனைக்கு இது பெரிய இடையூறு இல்லை, அளவறி சோதனைக்கு இந்தக் குப்பியை நம்ப முடியாது. முழுப் புரதத்தை விலங்குக்குச் செலுத்தி உண்டாக்கிய, புரதத்தின் பல இடங்களைப் பற்றும் பாலிகுளோனல் எதிர்ப்பொருளை வைத்திருப்பவர்கள் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒரு சிறு துண்டு அதன் எல்லாப் பிணைப்புகளையும் தடுக்காது.