டெலிபதி டெஸ்ட் பண்ற ஜீனர் கார்டு: வாங்கலாம், உள்ள வர்ற நோட்டீஸை மட்டும் நம்பாதீங்க

ஆன்லைன்ல வாங்கின ஜீனர் கார்டு கட்டு பத்தி எழுதுறேன். ஒருத்தர் மனசுல நெனைக்கிறது இன்னொருத்தருக்குத் தெரியுதான்னு பாக்க 1930கள்ல அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டில ஜே.பி. ரைன் யூஸ் பண்ண கார்டு இதுதான், டிசைன் பண்ணது அங்கயே வேலை பாத்த சைக்காலஜிஸ்ட் கார்ல் ஜீனர். மொத்தம் 25 கார்டு. வட்டம், கூட்டல் குறி, மூணு அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம்னு 5 படம், ஒவ்வொண்ணுலயும் 5 கார்டு. ஒருத்தர் கார்டைப் பாத்து மனசுல நெனைக்கணும், இன்னொருத்தர் என்னன்னு சொல்லணும், அவ்ளோதான்.

அட்டை நல்ல கனம், வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாலும் பின்னாடி இருந்து படம் தெரியல. இதை ஏன் மொதல்ல சொல்றேன்னா அந்தக் காலத்துல கடைக்கு வந்த கட்டுலயே பின்பக்கம் வழியா படம் தெரியுதுன்னு பெரிய பிரச்சினை ஆச்சு. ஆனா இந்தக் கட்டுல பின்பக்க டிசைன் தலைகீழா திருப்பினா வேற மாதிரி இருக்கு, அது எனக்குப் பிடிக்கல, கார்டு திரும்பி இருக்கிறதே ஒரு அடையாளமா ஆயிடும்.

கோவம் வந்தது உள்ள இருக்கிற நோட்டீஸைப் பாத்துதான். 7 சரியா சொன்னாலே உங்களுக்கு டெலிபதி சக்தி இருக்குன்னு போட்டிருக்காங்க. சும்மா குருட்டாம்போக்குல சொன்னாலே சராசரியா 5 வரும்ங்க, 7 இல்ல அதுக்கு மேல வர்றது சுமாரா நூத்துக்கு 22 தடவை தானா நடக்கும், வீட்ல அஞ்சு பேர் ஆளுக்கு ஒரு ரவுண்டு ஆடினா யாராவது ஒருத்தருக்கு 7 வர்றதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. 9 இல்ல அதுக்கு மேல வர்றதுகூட சுமாரா நூத்துல அஞ்சு தடவை நடக்கும். இதைப் படிச்சுட்டு ஒரு சின்னப் பையன் தனக்கு சக்தி இருக்குன்னு நம்பிட்டா அது தப்பு இல்லையா?

நோட்டீஸ்ல ஹூபர்ட் பியர்ஸ் கதையும் இருக்கு. டியூக்ல படிச்ச ஸ்டூடண்ட், 1933-34ல அவர் லைப்ரரில உக்காந்து சொல்ல, வேற பில்டிங்ல ரைனோட உதவியாளர் பிராட் ஒவ்வொரு கார்டா எடுத்து வைப்பார், 1,850 கார்டுல 558 சரி, தற்செயலா வரவேண்டியது 370. கேட்டா புல்லரிக்குது, நெஜம்தான். ஆனா அதுல ரவுண்டு முடியுற வரைக்கும் பிராட் கார்டைத் திருப்பியே பாக்கல, அப்போ அது மனசுல இருந்து மனசுக்குப் போற டெஸ்டே இல்ல, இதை நோட்டீஸ்ல சொல்லவே இல்ல. பியர்ஸ் லைப்ரரிலதான் இருந்தாரான்னு பாத்துக்க அங்க ஆளே இல்லன்னு ஹேன்சல்ங்கிற சைக்காலஜிஸ்ட் பின்னாடி கேட்டார், அதுவும் இல்ல.

எங்க வீட்ல அக்காவும் அவ பொண்ணும் ரொம்ப ஆசையா ஆடினாங்க. எதிரெதிரா உக்காந்தப்போ ஸ்கோர் ஏறுச்சு, அக்கா போட்டிருந்த கண்ணாடில கார்டு லேசா தெரியுதுன்னு பொண்ணே கண்டுபிடிச்சா, முதுகைக் காட்டி உக்கார வச்சதும் மறுபடி 5ஐ சுத்தியே வந்துச்சு. ஒவ்வொரு கார்டுக்கும் சரி, தப்புன்னு உடனே சொல்லாதீங்க, எந்தப் படம் எத்தனை போச்சுன்னு எண்ணிக்கிட்டே வந்தா கடைசி கார்டுங்களை ஈசியா சொல்லிடலாம். எழுதி வச்சுட்டு கடைசில சரிபாருங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் நல்லா கலைச்சுப் போடுங்க.

டெலிபதி நெஜமா இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு எனக்கும் ஆசைதான், அதனாலதான் டெஸ்ட் சுத்தமா நடக்கணும்னு இவ்ளோ சொல்றேன். நிகழ்தகவு படிக்கிற பசங்க இருக்கிற வீட்டுக்கு தாராளமா வாங்கிக் குடுங்க, புக்ல புரியாதது இதுல புரியும். நாலு ஸ்டார் குடுக்கிறேன், ஒண்ணு நோட்டீஸுக்காகக் கொறைச்சேன்.

டப்பா சீக்கிரம் கிழிஞ்சிடுது, ஆனா அதுக்காக ரப்பர் பேண்ட் இறுக்கமா போடாதீங்க, ஓரம் மடங்கின கார்டு எதுன்னு ஞாபகம் வந்துட்டா அந்தக் கட்டு டெஸ்டுக்கு ஆகாது.