மிட்லண்ட்ஸ் நர்சரியில் ஹைட்ரேஞ்சா: செடியை நம்பலாம், நிற அட்டையை நம்பாதீர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவில் மாரிட்ஸ்பர்கிலிருந்து மிட்லண்ட்ஸ் மேட்டுப் பக்கம் ஏறுகிற வழியெல்லாம், ஹில்டன், ஹாவிக், நாட்டிங்ஹாம் ரோடு வரைக்கும், வேலி ஓரங்களில் ஹைட்ரேஞ்சா கொத்துக் கொத்தாய் நீலமாகப் பூத்துக் கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு நார்த்டேலில் நம் வீட்டு வாசலிலும் இப்படி ஒரு வரிசை இருந்தால் என்ன என்று நினைக்காதவர்கள் குறைவு. கிறிஸ்மஸ் பூ என்றே இங்கே பாதிப் பேர் சொல்கிறார்கள். அந்த ஆசையை வைத்துத்தான் மேட்டுப் பக்கத்து நர்சரிகளில் இந்த மாத வியாபாரமே நடக்கிறது. நான் சில வருடமாக வாங்கி வருகிற ஒரு நர்சரியைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை, அந்தப் பக்கம் எந்த நர்சரிக்குப் போனாலும் இதில் முக்கால்வாசி உதவும்.

முதலில் வாங்கக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே ஒரே உயரத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, முழுசாகப் பூத்த தொட்டிகள், அவை விருந்து மேசைக்கு வைக்கச் சரி, யாருக்காவது பரிசாகக் கொடுக்கவும் சரி, மண்ணில் நட வேண்டாம். கூடாரத்துக்குள் அவசரமாக வளர்த்துப் பூக்க வைத்த செடி அது, பூவின் கனத்தைத் தாங்கத் தண்டுக்குப் பலம் இல்லாமல் குச்சி நட்டுப் பச்சைக் கம்பி சுற்றி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமே இருக்காது. உள்ளே இருக்கிற கலவை காய்ந்து சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விரலளவு விலகியிருக்கும், மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேரே கீழ் ஓட்டைக்குப் போய்விடும், வேருக்கு ஒன்றும் கிடைக்காது. கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டதற்கு, "நிறைய தண்ணி ஊத்துங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

அப்புறம் அந்த நிற அட்டை. 'நீலம்' என்று போட்டு மற்றதைவிட 30 ராண்ட் கூட வாங்குகிறார்கள். இதுதான் எனக்குக் கோபம். சாதாரண ஹைட்ரேஞ்சாவின் நீலம் செடியில் பாதி, மண்ணில் பாதி. மண் புளிப்பாக இருந்தால், அதாவது புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இருந்தால், மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியாக மேலேறும், பூ நீலமாகும். 6.5-க்கு மேல் போனால் அலுமினியம் மண்ணிலேயே கட்டிக்கொள்ளும், பூ ரோஸ். நடுவில் இருந்தால் ஊதா, சில சமயம் ஒரே செடியில் ரெண்டும் கலந்து வரும். மிட்லண்ட்ஸில் மழை அதிகம், மண் இயல்பாகவே புளிப்பு, அதனால்தான் அங்கே வேலியெல்லாம் நீலம். நர்சரித் தொட்டியிலோ மருந்து ஊற்றி நீலமாக்கியிருக்கிறார்கள். என் வீட்டுக்கு வந்த 'நீலம்', சுவர்ச் சுண்ணாம்பு இறங்கிய மண்ணில் உட்கார்ந்து, அடுத்த வருடம் ஓரமெல்லாம் வெளிறிய ஊதாவாகப் பூத்தது. பார்க்க அழகுதான், ஆனால் அந்த 30 ராண்ட் எதற்கு? வெள்ளை ரகம் மட்டும் எந்த மண்ணிலும் நீலமாகாது, வேண்டுமானால் முதிரும்போது லேசாக ரோஸோ பச்சையோ அடிக்கும். இந்த வம்பே வேண்டாம் என்றால் வெள்ளை வாங்குங்கள்.

சரி, நல்லதுக்கு வருவோம். கடைக்குப் பின்னால், உரமூட்டை அடுக்கியிருக்கிற இடத்தைத் தாண்டி, பைன் மரங்களுக்குக் கீழே நிழல்வலை போட்ட பகுதி ஒன்று இருக்கிறது. போர்டு கிடையாது, கேட்டால்தான் விடுவார்கள். அங்கே இருப்பவை வெளியிலேயே வளர்ந்த செடிகள், பூ குறைவு, இலையில் அங்கங்கே ஓட்டை, ஆனால் தண்டு பென்சிலைவிடத் தடிப்பு, தொட்டியும் நல்ல கனம். 140 ராண்டுக்கு வாங்கியது என் வீட்டில் இன்று இடுப்பு உயரம். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற ஜூலுப் பெரியவரை நான் பாபா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு நான் 'மா'. எந்தச் செடியை எடுத்தாலும் தொட்டியைச் சாய்த்து வேரைக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். வேர் வெள்ளையாகப் பரவியிருந்தால் தலையாட்டுவார், பழுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தால் தானே ஒதுக்கி வைத்துவிட்டு வேறு எடுப்பார். கடைக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி அவருக்கு.

உரத்தைப் பற்றியும் அவர்தான் நேராகச் சொன்னார். நம் வீடுகளில் எல்லாச் செடிக்கும் 2:3:2 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்ற வரிசையில் விகிதம்) போடுகிற பழக்கம் இருக்கிறதே, நீலம் வேண்டுமானால் அதை ஹைட்ரேஞ்சாவுக்குப் போடாதீர்கள். நடுவில் இருக்கிற அந்த 3 பாஸ்பரஸ், அது அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 3:1:5 வாங்குங்கள். எலும்புத் தூளும் வேண்டாம், அதிலும் பாஸ்பரஸ்தான். ரோஸ்தான் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சுண்ணாம்பும் சூப்பர்பாஸ்பேட்டும் போடுங்கள்.

கடையில் விற்கிற நீலமாக்கும் பொட்டலம் வெறும் அலுமினியம் சல்பேட். வேலை செய்கிறது. ஆனால் பூ விரிந்த பிறகு ஊற்றிப் பயனில்லை, துளிர் விடும்போதே தொடங்கி அவ்வப்போது, நாலரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதுவும் ஏற்கெனவே ஈரமான மண்ணில். கூடினால் வேர் கருகும். குழாய்த் தண்ணீரைவிட ஜோஜோ பிளாஸ்டிக் டேங்கில் பிடித்த மழைத் தண்ணீர் நல்லது.

இடம் விஷயத்தில் அவர்கள் ஒட்டியிருக்கிற குறிப்பு தப்பில்லை: காலை வெயில், மதியத்துக்கு மேல் நிழல். ஆனால் அது மேட்டு ஊருக்கு எழுதியது. மாரிட்ஸ்பர்க் பள்ளத்தில் இருக்கிறது, ஆகஸ்ட் செப்டம்பரில் மலைப் பக்கமிருந்து இறங்கும் பெர்க் காற்று சூடாக அடித்தால் இளந்துளிர் ஒரே மதியத்தில் ஓரம் கருகிவிடும், அதனால் வீட்டுக்குக் கிழக்குச் சுவர் ஓரம் நட்டு, கீழே பைன் சருகு கனமாகப் போட்டு வையுங்கள். வெட்டுவது ஜூலையில், இங்கே அது குளிர்காலம், தண்டில் ஜோடியாகக் குண்டு மொட்டு இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே. அந்த மொட்டுதான் டிசம்பர் பூ, போன கோடைக் கடைசியிலிருந்தே அது தண்டில் தயாராகிக்கொண்டிருக்கும். தோட்டவேலைக்கு வருகிறவர்கள் மே மாதம் மெஷினைப் போட்டு எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டுப் போவார்களே, நிறைய வீடுகளில் செடி பச்சையாக இருந்தும் பூக்காததற்கு அதுதான் காரணம். வெட்டிய குச்சிகளை எறியாதீர்கள், நிழலில் ஈரமண்ணில் குத்தி வைத்தால் பாதியாவது வேர் விடும். ஒரு செடி வாங்கினால் தெருவுக்கே கொடுக்கலாம், நர்சரிக்காரருக்கு இது பிடிக்காது.

வீட்டில் அம்மாவுக்கு இந்தப் பூ மேல் பெரிய மரியாதை இல்லை. வாசனை இல்லாத பூவைச் சாமிக்கு எப்படி வைப்பது, கேந்திப் பூ இருந்தாலாவது மாலை கட்டலாம் என்பார். ஆனால் கூடத்து ஜாடியில் வைக்க முதலில் கத்திரிக்கோலோடு போவதும் அவர்தான். வெட்டிய பூ அரை மணியில் தொங்கிப்போகிறது என்பவர்களுக்கு: மாரிட்ஸ்பர்க் ரெய்ஸ்தார்ப் பக்கத்து மசாலாக் கடையில் படிகாரம் கிடைக்கும், பொடித்துத் தண்டின் வெட்டு முனையில் தேய்த்துவிட்டுத் தண்ணீரில் வையுங்கள். அப்படியும் வாடினால் பூத்தலையை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுங்கள், நிமிர்ந்துவிடும். நாய் வளர்ப்பவர்கள் கவனம், இலையும் பூவும் தின்றால் ஆகாது. இதை அந்த நர்சரி அட்டையில் போடவே இல்லை, போட்டிருக்க வேண்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை, பின்பக்கத்துக்கு மட்டும் என்றால் நாலரை. கார்டு வாங்குகிறார்கள். டீ பரவாயில்லை, ஸ்கோன் நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை போகாதீர்கள், பார்க்கிங் கிடைக்காது, பாபாவையும் பில் போடும் பக்கம் இழுத்துவிடுவார்கள். பக்கியில் (பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டி) கொண்டுவருவதாக இருந்தால் மேலே ஒரு போர்வை போட்டுக் கட்டுங்கள், மாரிட்ஸ்பர்குக்கு டவுன் ஹில் சரிவில் இறங்குகிறபோது அடிக்கிற காற்றில் இலை கிழிந்துவிடும். வாங்கிய செடியை ஸ்லிப் இருந்தாலும் திருப்பி எடுப்பதில்லை, அதனால் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே தொட்டியைச் சாய்த்து வேரைக் காட்டச் சொல்லுங்கள்.