பாலனைத் தனியாகத் தரும் குடில் செட்

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலிருந்து ஜம்பட்டா வீதிப் பக்கம் நடந்தால் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சின்னக் கடை வரும். வாசலில் செபமாலைகள் தொங்கும். இந்த நத்தாருக்கு அங்கேதான் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் செட் வாங்கினேன், 6,500 ரூபாய். ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு பெரிய கடையில் 9,000 ரூபாய்க்கு மினுக்கமான செட் ஒன்று எடுத்திருந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் பாலன் இயேசுவும் தீவனத்தொட்டியும் ஒரே வார்ப்பு. கழற்ற வழியே இல்லை. எங்கள் வீட்டில் 24ஆம் திகதி இரவு வரை தொட்டி வெறுமையாகத்தான் இருக்கும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் வீட்டில் ஆகச் சின்னப்பிள்ளை பாலனைக் கிடத்தும். என் அம்மம்மா காலத்திலிருந்து அப்படித்தான். போன வருடம், நத்தாருக்கு முந்திய நாலு கிழமையான திருவருகைக்காலத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது மகன் கேட்டான்: “அம்மா, பாலன் வந்திட்டார்தானே, இனி என்னத்துக்கு நாலு கிழமை பாத்துக்கொண்டிருக்கிறது?” எனக்குப் பதில் வரவில்லை. நாம் காத்திருப்பது யாருக்காக என்று பிள்ளைக்குக் காட்டத்தானே குடில் கட்டுகிறோம்.

அதனால் இந்த முறை கடைக்குள் போனதும் வேறெதுவும் பார்க்காமல், “ஐயா, பாலன் தனியா வருமா?” என்றுதான் கேட்டேன். வயதான மனிதர். பெட்டியைத் திறந்து, பாலனை இரண்டு விரலால் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு அங்குலம்தான் இருக்கும். பாலன் ஒரு கையை மேலே நீட்டியபடி இருந்தார். “தனியாச் சுத்தித் தாறன் மகள். இருபத்திநாலாந் திகதி ராத்திரி வரைக்கும் அலுமாரிக்குள்ள வையுங்க” என்று சொல்லி, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி நூலால் கட்டிக் கொடுத்தார். நான் சொல்லாமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.

இனி செட்டைப் பற்றி. பிளாஸ்டர் சிலைகள், முழந்தாளிட்ட மாதா ஆறு அங்குலம். முகங்கள் நல்ல அமைதி, கண் கையால் வரைந்தது. எனக்கு ஆகப் பிடித்தது தீவனத்தொட்டி. உள்ளே ஒரு விரல் ஆழத்துக்குக் குழிவாக இருக்கிறது, அதனால் உண்மையான வைக்கோல் போட முடிந்தது. மகன் ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் என்று வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டு ஆச்சியின் தண்ணீர்ப் போத்தலை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக் கொடுத்த நாளில் இரண்டு கேட்டான், கொடுத்தேன்.

குறை இல்லாமல் இல்லை. கழுதையின் இடது காதில் சாயம் உரிந்திருந்தது. மாட்டைப் பார்த்தால் இடையர்களை விடப் பெரிது, அளவு சரியில்லை. ஆனால் லூக்கா நற்செய்தியில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. தன் எசமானின் தீவனத்தொட்டியை அறிந்த மிருகங்கள் என்று பழைய ஏற்பாட்டில் எசாயா நூலின் முதல் அதிகாரத்தில் வருவதிலிருந்துதான் அவை குடிலுக்குள் வந்தன. 1223இல் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சியோவில் குடில் அமைத்தபோதும் வைக்கோல் நிரப்பிய தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையுமே இருந்தன. இதையெல்லாம் மகனுக்குச் சொல்லிக்கொண்டே காதுக்கு மண்ணிறம் பூசினோம்.

அதே கடையில் வாங்கிய மெழுகுதிரிகள் (மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு) சுமார்தான். மூன்றாம் ஞாயிறுக்கான இளஞ்சிவப்புத் திரி ஒரு பக்கமாக உருகி மேசைவிரிப்பில் ஊற்றியது. அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

24ஆம் திகதி பூசை முடிந்து வந்தபோது மகன் என் தோளில் நல்ல நித்திரை. எழுப்பினேன். முகம் கழுவாமலே அலுமாரியைத் திறந்து, நூல் முடிச்சை அவனே அவிழ்த்தான். தாள் சரசரத்த சத்தம் மட்டும்தான் கேட்டது, யாரும் பேசவில்லை. பாலனை வைக்கோலில் கிடத்திவிட்டு, “குளிருமா?” என்று கேட்டு, தன் கைலேஞ்சியை மடித்துப் போர்த்தினான். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பாலனைப் பார்க்க வரும் மூன்று ராசாக்களும் இப்போது தொலைக்காட்சிக்கு மேலே. ஒவ்வொரு நாளும் ஒரு சாண் நகர்கிறார்கள். அவர்களுடைய திருநாளான ஜனவரி 6இல் குடிலுக்கு வந்து சேர வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள். அது அந்தோனியார் நாள், கடைக்குள் நிற்கவே இடம் இருக்காது. நவம்பர் கடைசியில் போனால் ஆறுதலாகப் பார்க்கலாம். கார்ட் எடுப்பதில்லை, காசாகக் கொண்டு போங்கள். போகும் வழியில் கோவிலுக்குள்ளும் ஒரு நிமிடம் ஏறுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்த பிறகு அந்த வாசலைத் தாண்டும்போது நான் உள்ளே போகாமல் வந்ததில்லை.