சிப்பாய்க் கடிதம் என்று போலிக் கவர்: 23,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

முதல் உலகப்போரில் ஒரு சிப்பாய் அனுப்பிய தபால் கவர் என்று சொல்லி என்னிடம் 23,500 ரூபாயைக் கறந்துவிட்டார்கள். கை இன்னும் நடுங்குகிறது. போர்க்காலத் தபால் வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழம்பொருட்களை ஏலம் விடும் ஓர் இணையதளம். அதில், மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) போன இந்தியப் படையின் கவர் ஒன்று. ஐந்தாம் ஜார்ஜ் தபால்தலைமேல் கறுப்பு மையில் ஐ.இ.எஃப். (இந்தியன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்) என்ற ஓவர்பிரிண்ட், அதாவது மேலச்சு, எஃப்.பி.ஓ. என்னும் போர்முனைத் தபால் நிலைய முத்திரை, தணிக்கை முத்திரை எல்லாம் இருந்தன. 1914-இல் வெளிநாடு போன நம் படைகளுக்காக வந்த தலைகள் அவை. தனியாக வாங்கினால் பெரிய விலை இல்லை. போர்முனை முத்திரையோடு முழுக் கவராகக் கிடைத்தால்தான் மதிப்பு. போலி செய்பவனுக்கும் இது தெரியும்.

விற்பவர் போனில் பேசினார். கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவாம், பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடந்ததாம், தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டுமாம். எங்களுடையதும் பட்டாளத்துக் குடும்பம்தான் என்று சொன்னேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. "அப்போ உங்க கையில போனா பத்திரமா இருக்கும்ணா" என்றார். தொண்டை அடைத்த குரல். அதற்கப்புறம் நான் பேரமே பேசவில்லை. 23,500 ரூபாயும் அன்றே போனது.

கவர் வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓவர்பிரிண்ட் என்பது தலை விற்பனைக்கு வருமுன்பே அச்சாவது. அஞ்சல் முத்திரை அதன்மேல்தான் விழும். இதில் முத்திரைக் கோட்டின்மேல் ஓவர்பிரிண்ட் ஏறி நிற்கிறது. யூ.வி. டார்ச் அடித்தால் உறை நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்கிறது. அப்படி ஒளிரவைக்கும் வெளுப்பு ரசாயனம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் காகிதத்தில் பரவலானது. ஸ்கேனில் வெட்டியிருந்த மூலையில் 'பாக்தாத், 1916' என்று வேறு எழுதியிருக்கிறது. பிரிட்டிஷ் படை பாக்தாதைப் பிடித்ததே 1917 மார்ச்சில்! கூட் நகர முற்றுகையில் துருக்கியரிடம் பிடிபட்ட கைதி எழுதியது என்று வைத்துக்கொண்டாலும், துருக்கியர் கையிலிருந்த ஊரில் நம் எஃப்.பி.ஓ. எங்கிருந்து வந்தது?

கேட்டேன். "ஸ்கேன் பாத்துத்தானே வாங்கினீங்க சார்." அண்ணா போய் சார் ஆகிவிட்டேன். மறுநாள் பிளாக். தளத்துக்கு எழுதினால், "வல்லுநர் சான்று அனுப்புங்கள்" என்றார்கள். சான்றுக்கு யார் பணம் கட்டுவது என்று கேட்டதற்கு மூன்று நாள் பதில் இல்லை. அப்புறம், "திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்தது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." என்ன தீர்ந்தது? என் 23,500 ரூபாய்தான் தீர்ந்தது.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. கவரின் இரண்டு பக்கமும், நான்கு மூலையும் தெரியும் ஸ்கேன் கேளுங்கள். முத்திரைமேல் ஓவர்பிரிண்ட் ஏறியிருந்தால் தொடாதீர்கள். குடும்பக் கதை சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, அவசரம். அதே ஆள் இப்போது 'சிப்பாய் அனுப்பிய ஆசாத் ஹிந்த் கவர்' என்று ஒன்றை ஏலத்தில் விட்டிருக்கிறார். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் இயக்கத்துக்கான தபால்தலைகள் 1943-இல் பெர்லினில் அச்சானவை. தபாலில் ஒருநாளும் ஓடியதில்லை, முத்திரை குத்திய கவருக்கு வழியே இல்லை. ஏலம் 9,000 ரூபாயைத் தாண்டிவிட்டது, நாளை இரவு முடிகிறது. ஏலம் கேட்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே நிறுத்துங்கள்.