லூக்கோடேப் பி: நாள் முழுக்க நனையும் கால்களுக்கு

அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை சுமார் 3,500 கி.மீ. நீளும் அப்பலாச்சியன் நடைப்பயணப் பாதையில் மழை பிடித்துக்கொண்டால் காலையில் நனைந்த ஷூ இரவிலும் ஈரமாகவே இருக்கும். தண்ணீர் புகாத கோர்-டெக்ஸ் துணி வைத்த ஷூ இன்னும் மோசம். கணுக்கால் வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர் லேசில் வெளியேறாது. ஊறிய தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே எலும்பு ஒவ்வோர் அடிக்கும் நகரும். நடுவில் அகப்பட்ட தோலடுக்குகள் பிரிந்து நீர் கோத்துக்கொள்ளும். குதிகாலில் ஒரு கொப்புளம் போதும், மறுநாள் நடை பாதியாகிவிடும். இப்படிப்பட்ட நாளுக்காக முதலுதவிப் பையில் ஒரே ஒரு டேப்புக்குத்தான் இடம் என்றால், அது லூக்கோடேப் பி.

கொப்புளத்துக்கென்று செய்ததல்ல இது. முழங்கால் சில்லை இடத்தில் நிறுத்த பிசியோதெரபிஸ்டுகள் ஒட்டும், இழுபடாத ரேயான் டேப்; பசையில் துத்தநாக ஆக்சைடு உண்டு. சுருளின் அகலம் 3.8 செ.மீ., நீளம் 13.7 மீட்டர். காய்ந்த தோலில் ஒழுங்காக ஒட்டினால் ஈர சாக்ஸுக்குள்ளும் சில நாள் அசையாது. கொப்புளத்துக்கு வழக்கமாக ஒட்டும் மோல்ஸ்கின் என்ற பசைத் துணி தடிமனானது, நனைந்தால் ஓரம் சுருண்டு அதுவே உராயத் தொடங்கும். காம்பீட் போன்ற ஜெல் பிளாஸ்திரி உலர்ந்த நாளில் அருமை. நனைந்த ஷூவில் உப்பி, நழுவி, சாக்ஸில் அப்பிக்கொள்ளும்.

ஆனால் ஒட்டும் விதம் தப்பினால் இதுவும் வீண்தான். முழுச் சுருளைச் சுமக்க வேண்டாம். ஸ்டிக்கர் உரித்த வழுவழுத் தாளில் 5 செ.மீ. துண்டுகளாக வீட்டிலேயே ஒட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் கிளம்பும். ஒட்ட நல்ல நேரம் காலை: இரவெல்லாம் கால் காய்ந்திருக்கும், ஈர சாக்ஸை இன்னும் மாட்டியிருக்க மாட்டீர்கள். நடுவழியில் ஓரிடம் காந்தத் தொடங்கினால், அடுத்த ஷெல்டர் வரட்டும் என்று தள்ளிப்போடாமல் அங்கேயே நில்லுங்கள். துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, நன்றாகக் காய்ந்ததும் சுருக்கமில்லாமல் ஒட்டி, உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடல் சூட்டில்தான் பசை நன்றாகப் பிடிக்கும். முன்பே வாசலின் தடவிய இடத்தில் ஒட்டவே ஒட்டாது.

கொப்புளம் வந்தேவிட்டதா? அதன்மேல் நேரடியாக ஒட்டாதீர்கள், உரிக்கும்போது மேல்தோலும் கூடவே வந்துவிடும். நடுவில் சிறு காஸ் துணித் துண்டு வைத்து, அதைச் சுற்றிலும் நல்ல தோலில் டேப் பிடிக்கும்படி ஒட்டுங்கள். விண்ணென்று தெறித்து நடக்கவே முடியாவிட்டால் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை வெட்டக் கூடாது. ரத்தக் கொப்புளத்தைத் தொடாதீர்கள். விரலைச் சுற்றி வளையமாகவும் ஒட்ட வேண்டாம். மாலையில் கால் வீங்கும், இந்த டேப் விட்டுக்கொடுக்காது.

குறைகளும் உண்டு. ஓரத்தில் கசியும் பசை சாக்ஸின் நூலையெல்லாம் பிடித்துக்கொள்ளும், வெயிலில் கிடந்தால் இளகும். சிலருக்குத் தோல் அரிக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முன்கையில் ஒட்டிப் பாருங்கள். எடுக்கும்போது எண்ணெய் தடவி, தோலை ஒட்டியபடியே மெல்ல மடித்து உரியுங்கள். சுற்றிலும் சிவப்பு படர்ந்தாலோ சீழ் தெரிந்தாலோ டேப்பைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வாங்கும்போது பெயரில் ‘பி’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘கே’ என்றிருப்பது இழுபடும் வகை, இந்த வேலைக்கு ஆகாது.