மலச்சிக்கலுக்கும் எலும்புக்கும் ப்ரூன்ஸ்: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

எலும்பு அடர்த்திக் குறைவுக்காகக் கால்சியம் மாத்திரை எடுக்கத் தொடங்கியதிலிருந்து மலச்சிக்கல் என்னை விடவில்லை. இரவில் இசப்கோல் உமி குடித்தும் ஓரளவே பயன் கிடைத்ததால், மருத்துவரின் யோசனைப்படி ப்ரூன்ஸ் என்னும் உலர்ந்த பிளம்ஸ் பழத்துக்கு மாறினேன். சில ஆண்டுகளாக அது என் அன்றாட உணவாக இருக்கிறது.

இதன் பலன் நார்ச்சத்தால் மட்டும் வருவதன்று. நூறு கிராம் பழத்தில் ஏறத்தாழ 7 கிராம் நார்ச்சத்தும், அதைப்போல் இரு மடங்கு சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹாலும் உள்ளன. சிறுகுடல் முழுமையாக உறிஞ்சாத இந்தச் சார்பிட்டால் பெருங்குடலில் நீரைத் தங்கவைத்து மலத்தை இளக்குவதால்தான், நார் பெரும்பாலும் நீக்கப்பட்ட ப்ரூன்ஸ் சாறும் வேலை செய்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நார்ச்சத்தின் அளவு சமமாக இருந்தும், இசப்கோலைவிட ப்ரூன்ஸே மலச்சிக்கலுக்குக் கூடுதல் பலன் தந்தது. என் அனுபவமும் அதுவே.

முதலில் இரண்டு பழங்களில் தொடங்கி, வயிற்று உப்புசம் அடங்கிய பிறகு ஐந்தாறாக உயர்த்தினேன். இரவில் ஊறவைத்து, காலையில் ஊறிய நீரோடு உண்கிறேன். பேதி மாத்திரையைப் போல அவசரப்படுத்தாமல் இயல்பாக மலம் கழிவதே இதில் எனக்கு மிகவும் பிடித்தது. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்குச் சார்பிட்டால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

எலும்பைப் பொறுத்தவரை, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்கள் ஓராண்டு நாள்தோறும் 50 கிராம் உண்டபோது இடுப்பெலும்பின் அடர்த்தி குறையாமல் நின்றது, உண்ணாதவர்களுக்குக் குறைந்தது. எனக்கும் அடுத்த பரிசோதனையில் அடர்த்தி குறையவில்லை. எனினும் மாத்திரையும் நடைப்பயிற்சியும் சேர்ந்திருப்பதால், அந்தப் பெருமை முழுவதையும் பழத்துக்கே கொடுக்க மாட்டேன்.

விலை அதிகம்தான். வாங்கும்போது சர்க்கரை சேர்க்காததா என்று உறையைப் படித்துப் பாருங்கள். பிரியாணிக்குப் போடும் புளிப்பான ஆல்பக்கோடாவை இதற்குப் பதிலாக வாங்க வேண்டாம். நூறு கிராமில் 240 கலோரி இருப்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வைட்டமின் கே இருப்பதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நூறு கிராமில் பொட்டாசியம் மட்டும் 700 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அதனால் சிறுநீரகக் கோளாறு உள்ள என் அக்காவுக்கு இதைக் கொடுப்பதில்லை.